சட்டத்தில் லத்தீன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீர்ப்பு நகலிலும் வக்கீல் நோட்டீஸிலும் கோர்ட் செய்திகளிலும் திடீரென்று எட்டிப் பார்க்கும் லத்தீன் சொற்களைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளும் பதில்களும் இவை. அகராதி போல அகர வரிசையில் இல்லை. எந்தச் சொல் எங்கே என்ன வேலை செய்கிறது என்பதில்தான் இங்கே கவனம்.

யாரும் பேசாத ஒரு மொழி கோர்ட்டுக்குள் எப்படி வந்தது?

பேரரசர் ஜஸ்டினியன் 6ஆம் நூற்றாண்டில் ரோமானியச் சட்டங்களைத் தொகுக்க வைத்தார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் சட்டம் படிப்பது என்றாலே பல நூற்றாண்டுகளுக்கு அந்தத் தொகுப்பைப் படிப்பதுதான். திருச்சபையின் மொழியும் லத்தீன்தான்.

இங்கிலாந்தின் கதை கொஞ்சம் வேடிக்கையானது. 1066இல் நார்மானியர்கள் நாட்டைப் பிடித்த பிறகு, வாதம் பிரெஞ்சில், பதிவேடு லத்தீனில், வழக்கு போட்டவர் பேசுவது ஆங்கிலத்தில் என்று ஆகிவிட்டது. வழக்காடுவதை ஆங்கிலத்தில் நடத்தச் சொல்லி 1362இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் பதிவு மட்டும் லத்தீனில்தான் இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொன்னது. மன்னராட்சி இல்லாதிருந்த கிராம்வெல் காலத்தில் பதிவையும் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். 1660இல் மன்னராட்சி திரும்பியதும் லத்தீனும் திரும்பி வந்தது. கடைசியாக 1733இல்தான் கோர்ட் பதிவேடுகளிலிருந்து அது விடைபெற்றது. மொழி போனது, சொற்கள் தங்கிவிட்டன. பிரிட்டிஷ் ஆட்சி போன நாடுகளுக்கெல்லாம் அந்தச் சொற்களும் கூடவே போயின.

அப்படியானால் இவையெல்லாம் ரோமர்கள் வகுத்த விதிகளா?

பெரும்பாலும் இல்லை. பழமொழி போல ஒலிக்கும் பல வாசகங்களை, ரோம் வீழ்ந்து எத்தனையோ காலம் கழித்து வந்த சட்ட அறிஞர்கள் உருவாக்கினார்கள். ‘சட்டம் இல்லாமல் குற்றம் இல்லை’ என்று பொருள்படும் ‘நுல்லும் கிரிமென் சைனி லெகே’ ஓர் உதாரணம். அதற்கு அந்த வடிவத்தைக் கொடுத்தவர் ஃபாயர்பாக் என்ற ஜெர்மானியச் சட்ட அறிஞர், 1801இல். லத்தீனில் எழுதினால் பழமையின் மதிப்பு சும்மா கிடைக்கிறது, அவ்வளவுதான்.

நமக்குத் தெரியாமலே நாம் பயன்படுத்தும் லத்தீன் உண்டா?

நிறைய. அஃபிடவிட் என்றால் ‘உறுதி கூறியிருக்கிறார்’. அலிபி என்றால் ‘வேறோர் இடத்தில்’. வீட்டோ என்றால் ‘தடுக்கிறேன்’. கோரம் என்றால் ‘அவர்களில்’. முன்பு நீதிபதிகளை நியமிக்கும் ஆணையில், இன்னின்னாரில் ஒருவராவது இருந்தாக வேண்டும் என்று சொல்லும் வாசகத்தின் முதல் சொல்லாக வந்தது அது. இன்று கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கைக்குப் பெயராகிவிட்டது.

கேவியட் என்றால் ‘அவர் எச்சரிக்கையாக இருக்கட்டும்’. இந்தியாவில் கேவியட் மனு போட்டுவைத்தால், எதிர்த்தரப்பு இடைக்காலத் தடை கேட்டு வரும்போது உங்களுக்குத் தெரிவிக்காமல் கோர்ட் உத்தரவிடாது. 90 நாள் வரை செல்லும். அதற்குள் எதிர்த்தரப்பு வரவில்லை என்றால் மறுபடி போட வேண்டும்.

ஹேபியஸ் கார்பஸ் மனு போட்டால் உண்மையில் என்ன நடக்கும்?

தமிழில் ஆட்கொணர்வு மனு என்கிறோம், பொருத்தமான பெயர். ஒருவரைப் பிடித்து வைத்திருப்பவரிடம் கோர்ட் இரண்டு விஷயம் கேட்கிறது: ஆளைக் கொண்டுவா, எந்தச் சட்டத்தின்படி பிடித்து வைத்திருக்கிறாய் என்று சொல். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு பிடித்து வைத்திருப்பவருக்கு. அடைபட்டவர் நல்லவரா, குற்றம் செய்தாரா என்பது இங்கே கேள்வியே இல்லை. காவல் சட்டப்படியானதா என்பது ஒன்றுதான் கேள்வி. அடைபட்டவர் வெளியே வந்து மனு போட முடியாது என்பதால் உறவினரோ நண்பரோ போடலாம்.

இதன் பலம் தெரிய 1772ஆம் ஆண்டின் சாமர்செட் வழக்கைப் பார்க்கலாம். அடிமையாக லண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட ஜேம்ஸ் சாமர்செட் தப்பி ஓடிப் பிடிபட்டார். ஜமைக்காவுக்கு அனுப்பி விற்பதற்காகக் கப்பலில் சங்கிலியால் கட்டி வைத்தார்கள். ஹேபியஸ் கார்பஸ் போனதும் கப்பல் தலைவர் அவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்த வேண்டியதாயிற்று. ஒருவரை அப்படி வலுக்கட்டாயமாக நாடு கடத்த இங்கிலாந்தின் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லி நீதிபதி மான்ஸ்ஃபீல்டு அவரை விடுவித்தார்.

பலவீனம் தெரிய வேண்டுமானால் 1976. நெருக்கடி நிலையின்போது, தடுப்புக் காவலில் இருந்தவர்கள் இந்த மனுவோடு உயர் நீதிமன்றங்களுக்குப் போக முடியுமா என்ற கேள்விக்கு, முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்ற கணக்கில் சொன்னது. மாறுபட்ட அந்த ஒருவர் நீதிபதி எச்.ஆர்.கன்னா. 1978இல் வந்த 44ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் உயிர், தனிமனித சுதந்திரம் ஆகியவற்றுக்கான உரிமையை நிறுத்திவைக்க முடியாதபடி செய்தது. அந்தத் தீர்ப்பே தவறு என்று உச்ச நீதிமன்றம் 2017இல் வெளிப்படையாகச் சொன்னது. லத்தீன் பெயர் அப்படியேதான் இருந்தது. அதன் பின்னால் இருந்த பாதுகாப்புதான் வந்தும் போயும் கொண்டிருந்தது.

ஆட்கொணர்வு போன்ற மற்ற ரிட்கள், அதாவது நீதிப் பேராணைகள்?

மேண்டமஸ் என்பது ‘கட்டளையிடுகிறோம்’. செய்ய வேண்டிய கடமையை அதிகாரி செய்யாமல் இருந்தால் செய்யச் சொல்வது. கோ வாரண்டோ என்பது ‘எந்த அதிகாரத்தில்?’ என்ற கேள்வி. பதவியில் உட்கார்ந்திருப்பவர் தன் தகுதியைக் காட்ட வேண்டும். தடையுறுத்தும் ஆணை, கீழ்க் கோர்ட்டைத் தன் எல்லை தாண்டாமல் நிறுத்துவது.

செர்ஷியோராரியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இந்தியாவில் அது கீழ் அமைப்பின் தவறான உத்தரவை வரவழைத்து ரத்து செய்வதற்கான ஆணை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலோ, மேல்முறையீட்டை விசாரணைக்கு எடுத்துக்கொள்வதற்கான அனுமதி. 9 நீதிபதிகளில் 4 பேர் சம்மதித்தால் போதும். வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் வரும் மனுக்களில் நூற்றுக்கும் குறைவானவையே முழு விசாரணைக்குப் போகின்றன. ‘செர்ஷியோராரி மறுப்பு’ என்று செய்தி வந்தால், கீழ்த் தீர்ப்பு சரி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாக அர்த்தமில்லை. எடுத்துக்கொள்ளவில்லை என்று மட்டும்தான்.

இங்கிலாந்தே லத்தீனை விட்டுவிட்டதாமே?

பெருமளவு விட்டுவிட்டது. 1999இல் நடைமுறைக்கு வந்த உரிமையியல் வழக்கு விதிகள் பல லத்தீன் சொற்களை எடுத்துவிட்டு எளிய ஆங்கிலம் போட்டன. ‘எக்ஸ் பார்ட்டி’ போய் ‘அறிவிப்பில்லாமல்’ வந்தது. ‘இன் கேமரா’ போய் ‘தனியறையில்’ வந்தது. சாட்சிக்கு அனுப்பும் ‘சப்பீனா’ சாட்சி அழைப்பாணை ஆனது. 2004இல் மேண்டமஸும் செர்ஷியோராரியும்கூடப் பெயர் மாறின. ஹேபியஸ் கார்பஸை மட்டும் யாரும் தொடவில்லை.

விட்டதால் குடி முழுகிவிடவில்லை. வாதாடுவதும் தீர்ப்பு எழுதுவதும் முன்போலவே நடக்கின்றன. ஆனாலும் மென்ஸ் ரியா (குற்ற மனம்), ரெஸ் ஜூடிகேட்டா (ஏற்கெனவே தீர்ந்த விவகாரம்) மாதிரிச் சொற்கள் அங்கேயும் பிழைத்திருக்கின்றன. இரண்டு சொல்லில் இரண்டு பக்க விளக்கம் அடங்கிவிடுகிறது என்றால் எந்த வக்கீலும் விட மாட்டார்.

‘பிரைமா ஃபேசி’ என்று கோர்ட் சொன்னால் குற்றம் உறுதியாகிவிட்டதா?

இல்லவே இல்லை. ‘முதல் பார்வையில்’ என்பது நேர்ப் பொருள். செய்திகளில் ‘முகாந்திரம் இருக்கிறது’ என்று வருகிறதே, அதுதான். எதிர்த்தரப்பு பதில் சொல்லாவிட்டால் இந்த ஆதாரம் போதுமா என்று மட்டும் பார்க்கும் கட்டம் அது. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும்போது அதே ஆதாரம் ஒன்றுமில்லாமல் போகலாம்.

எனக்கு எதிராக ‘எக்ஸ் பார்ட்டி’ உத்தரவு வந்திருக்கிறது. முடிந்ததா கதை?

எந்த வகை என்று பாருங்கள். அவசரம் என்று சொல்லி, உங்களைக் கேட்காமலே வாங்கிய இடைக்காலத் தடை ஒரு வகை. நீங்கள் ஆஜரானதும் அதை எதிர்க்கலாம். சம்மன் வந்தும் நீங்கள் போகாததால், அல்லது சம்மனே வராததால், உங்கள் தரப்பு இல்லாமல் கொடுத்த தீர்ப்பு இன்னொரு வகை. இந்தியாவில் இதை நீக்கச் சொல்லி உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9ஆவது கட்டளை, 13ஆவது விதியின்படி மனு போடலாம். காலக்கெடு 30 நாள். சம்மன் முறையாக வராத பட்சத்தில் விஷயம் தெரிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். தாமதத்துக்குக் காரணம் காட்டி அவகாசம் கேட்கலாம்தான், ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது.

சட்டம் தெரியாது என்பது சாக்காகாது என்கிறார்கள். தெரிந்துகொள்ளவே வழியில்லை என்றால்?

அதற்கும் லத்தீன் உண்டு: இக்னோரன்ஷியா ஜூரிஸ் நான் எக்ஸ்கியூசாட். இந்த விதி எவ்வளவு கறாரானது என்பதற்கு இரண்டு வழக்குகள்.

பெய்லி என்ற கப்பல் தலைவர், ஆப்பிரிக்கக் கடலோரத்தில் இன்னொரு கப்பல்காரரைச் சுட்டார். அந்தச் செயலுக்கு அவரை விசாரிக்க வழி செய்த சட்டம் சில வாரங்களுக்கு முன்புதான் இங்கிலாந்தில் இயற்றப்பட்டிருந்தது. நடுக்கடலில் அவருக்கு அது எப்படித் தெரியும்? ஆனாலும் குற்றவாளிதான் என்றது 1800ஆம் ஆண்டுத் தீர்ப்பு. மன்னிப்பு வழங்கலாம் என்று பரிந்துரை மட்டும் செய்தார்கள்.

இரண்டாவது, 1962 நவம்பர். ஜூரிக்கிலிருந்து மணிலாவுக்கு விமானத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுப் பயணி பம்பாயில் இறங்கக்கூட இல்லை. சோதனையில் அவர் சட்டைக்குள் 34 கிலோ தங்கம் இருந்தது. வழியில் கொண்டுபோகும் தங்கத்தையும் விமானத்தின் சரக்குப் பட்டியலில் காட்ட வேண்டும் என்ற புதிய அறிவிப்பு அரசிதழில் வந்து நான்கே நாள் ஆகியிருந்தது. உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. உச்ச நீதிமன்றம் 1964இல் பெரும்பான்மைத் தீர்ப்பில் குற்றம் குற்றம்தான் என்றது. அரசிதழில் வெளியானால் போதும், ஒவ்வொருவருக்கும் தனியாகத் தெரிவிக்கத் தேவையில்லை என்பது அதன் நிலை. நீதிபதி சுப்பா ராவ் உடன்படவில்லை.

அப்படியென்றால் மென்ஸ் ரியா எங்கே போனது?

நல்ல கேள்வி. மென்ஸ் ரியா என்றால் குற்ற மனம். மனம் குற்றமுள்ளதாக இல்லாவிட்டால் செயல் மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்காது என்பது பழைய வாசகம். ஆனால் எந்தக் குற்றத்துக்கு எந்த அளவு மனம் தேவை என்பதை அந்தந்தச் சட்டம்தான் சொல்கிறது. கொலைக்கு ஒரு விதமான எண்ணம், கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு இன்னொன்று. உணவுக் கலப்படம், சுங்கம் போன்ற ஒழுங்குமுறைச் சட்டங்களில் சில நேரம் எதுவுமே தேவையில்லை. தங்க வழக்கில் சண்டை நடந்ததே இதன் மேல்தான். அந்நியச் செலாவணியைக் காக்கும் சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்தால், குற்ற மனத்தைத் தேடினால் சட்டமே பயனற்றுப் போகும் என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள்.

‘ரெஸ் இப்ஸா லோகிட்டர்’ எப்போது எடுபடும்?

‘சம்பவமே பேசுகிறது’ என்பது பொருள். 1863ஆம் ஆண்டு தீர்ப்பு: லிவர்பூலில் தெருவில் நடந்து போனவர் தலையில் மாடி ஜன்னலிலிருந்து மாவு பீப்பாய் ஒன்று விழுந்தது. அது எப்படி விழுந்தது, யார் தவறு என்று அடிபட்டவரால் சொல்ல முடியவில்லை. ஆதாரம் இல்லை என்று விசாரணை நீதிபதி அனுப்பிவிட்டார். மேல் கோர்ட்டில் நீதிபதி பொல்லாக் கேட்ட விஷயம் எளிமையானது: யாரும் அஜாக்கிரதையாக இல்லாமல் பீப்பாய் தானாக வெளியே உருண்டு வருமா?

விபத்து நடந்த பொருள் எதிர்த்தரப்பின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், அஜாக்கிரதை இல்லாமல் பொதுவாக நடக்காத விஷயமாக இருக்க வேண்டும். அறுவைச் சிகிச்சையில் வயிற்றுக்குள் பஞ்சை வைத்துத் தைத்த வழக்குகளில் இது நன்றாக எடுபடும். சிகிச்சை பலிக்கவில்லை என்பதற்கு மட்டும் எடுபடாது.

நஷ்டம் வந்தால் வழக்கு போடலாம்தானே?

நஷ்டம் வேறு, உரிமை மீறல் வேறு. இந்த இரண்டையும் பிரிக்கத்தான் ‘டாம்னம் சைனி இஞ்சூரியா’ (உரிமை மீறல் இல்லாத நஷ்டம்), ‘இஞ்சூரியா சைனி டாம்னோ’ (நஷ்டம் இல்லாத உரிமை மீறல்) என்ற ஜோடி.

1410இல் குளோஸ்டரில் ஒருவர் போட்டிப் பள்ளி தொடங்கினார். பழைய பள்ளி ஆசிரியர்கள் கட்டணத்தைப் பாதிக்கு மேல் குறைக்க வேண்டி வந்தது. நஷ்டம் உண்மை, ஆனால் யாருடைய உரிமையும் மீறப்படவில்லை, வழக்கு தோற்றது. 1703இல் நேர்மாறு: ஆஷ்பி என்பவரை ஓட்டுப் போட விடவில்லை. அவர் ஆதரித்த வேட்பாளர்கள் எப்படியும் ஜெயித்துவிட்டார்கள், அவருக்கு ஒரு காசு நஷ்டம் இல்லை. ஆனாலும் உரிமை மீறப்பட்டதே என்று இழப்பீடு கிடைத்தது. இதில் ‘இஞ்சூரியா’ காயம் இல்லை என்பதைக் கவனிக்கவும். சட்ட விரோதமான தீங்கு.

இயற்கை நீதி என்று வரும் இடத்தில் இரண்டு லத்தீன் வாசகங்கள் வருகின்றனவே?

‘ஆடி ஆல்ட்டரம் பார்ட்டம்’: மறு தரப்பையும் கேள். ‘நெமோ ஜூடெக்ஸ் இன் காசா சுவா’: தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது.

இரண்டாவதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு சிலி நாட்டின் முன்னாள் சர்வாதிகாரி பினோசெட் வழக்கு. அவரை நாடு கடத்த வழிவிட்டு, அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1998இல் 3-க்கு 2 என்று தீர்ப்பளித்தது. பிறகுதான் தெரிந்தது, மூவரில் ஒருவரான ஹாஃப்மன் பிரபு, வழக்கில் தரப்பாகச் சேர்ந்திருந்த மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி இன்டர்நேஷனலின் அறக்கட்டளைப் பிரிவுக்குத் தலைவர். அவர் நேர்மையை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் சபை தன் தீர்ப்பைத் தானே ரத்து செய்துவிட்டு வேறு அமர்வில் முதலிலிருந்து விசாரித்தது.

தீர்ப்பில் நீதிபதி சொல்வது எல்லாம் சட்டமா?

இல்லை. முடிவுக்குத் தேவையான காரணம் ‘ரேஷியோ டெசிடெண்டை’. அதுதான் கீழ்க் கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்தும். போகிற போக்கில் சொன்னது ‘ஆபிட்டர் டிக்டா’. ‘கோர்ட் கடும் கண்டனம்’ என்று தலைப்புச் செய்தியாகும் பல வரிகள் இரண்டாவது ரகம். மதிப்பு உண்டு, கட்டாயம் இல்லை. எது எந்த ரகம் என்று நீதிபதி கோடு போட்டுக் காட்டுவதில்லை. பின்னால் வரும் வக்கீல்கள் சண்டை போட்டுத்தான் தீர்மானிக்கிறார்கள்.

சட்டத்தின் வாசகத்தைப் படிக்க லத்தீன் விதிகள் உண்டாமே?

உண்டு. ‘நாஸ்சிட்டர் எ சோசியிஸ்’, அதாவது கூட்டாளிகளை வைத்து ஒரு சொல்லை அறிவது. ‘எஜுஸ்டெம் ஜெனரிஸ்’, பட்டியலின் கடைசியில் வரும் பொதுச் சொல்லை அதே இனத்துக்குள் அடக்குவது.

அமெரிக்காவில் ஒரு மீன்பிடிப் படகுத் தலைவர், அனுமதித்த அளவைவிடச் சிறிய மீன்களைப் பிடித்தார். அதிகாரி பார்த்துவிட்டுப் போனதும் அவற்றைக் கடலில் கொட்டச் சொன்னார். என்ரான் நிறுவனத்தின் கணக்கு மோசடிக்குப் பிறகு 2002இல் வந்த சட்டத்தில், விசாரணையைத் தடுக்கும் நோக்கத்தோடு ‘பதிவேடு, ஆவணம் அல்லது தொட்டறியக்கூடிய பொருள்’ எதையும் அழிப்பது குற்றம். மீன் தொட்டறியக்கூடிய பொருள்தானே என்று வழக்கு. 2015இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அவர் பக்கம் சாய்ந்தது. பதிவேட்டுக்கும் ஆவணத்துக்கும் பக்கத்தில் நிற்கும் ‘பொருள்’ என்றால், தகவலைச் சேமித்து வைக்கும் பொருள் என்றுதான் எடுக்க வேண்டுமாம். மாறுபட்ட நால்வரும் மீன் பொருள்தான் என்றார்கள். என் ஓட்டு அவர்களுக்கு, ஆனால் சட்டம் ஐவர் பக்கம்.

‘சுவோ மோட்டு’வா, ‘சுவோ மோட்டோ’வா?

‘மோட்டு’தான் சரி. யாரும் கேட்காமல் கோர்ட் தானாக முன்வந்து எடுக்கும் வழக்கு. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இந்தச் சொல். அமெரிக்கர்கள் ‘சுவா ஸ்பான்டே’ என்பார்கள். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் ஒப்பந்தத்தில் வழக்குத் தொடுப்பவர் தாமாக விசாரணை தொடங்குவதற்கு ‘புரோப்ரியோ மோட்டு’ என்று இருக்கிறது. வேலை ஒன்றுதான், பெயர் மூன்று.

‘அமிக்கஸ் க்யூரி’, அதாவது ‘கோர்ட்டின் நண்பர்’, இதற்கு நேர்மாறு, பெயர் ஒன்று, வேலை இரண்டு. இந்தியாவில் கோர்ட்டே நியமிக்கும் உதவி வக்கீல். அமெரிக்காவில், வழக்கின் முடிவில் அக்கறையுள்ள சங்கமோ நிறுவனமோ தானாக வந்து கருத்து தாக்கல் செய்யும். பெயர் நண்பர் என்றாலும் நடுநிலையாளர் என்று நம்ப வேண்டியதில்லை.

லத்தீன் வாசகத்தை மேற்கோள் காட்டினால் கோர்ட் ஏற்றே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. ‘ஃபால்சஸ் இன் யூனோ, ஃபால்சஸ் இன் ஆம்னிபஸ்’ என்று ஒன்று உண்டு: ஒன்றில் பொய் சொன்னவர் எல்லாவற்றிலும் பொய் சொல்வார். குறுக்கு விசாரணையில் சாட்சி ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டால் உடனே இதை எடுப்பார்கள். இந்தியாவில் இது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1957 முதல் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. பதரை நீக்கி நெல்லை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இங்குள்ள முறை. எந்த வாசகமாக இருந்தாலும் இந்த நாட்டில், இந்தச் சட்டத்தில் இது ஏற்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே நம்பலாம்.

நான் எழுதும் மனுவில் லத்தீன் சேர்க்கலாமா?

கோர்ட்டில் நிலைபெற்ற பெயர் என்றால் தாராளமாக. ‘ரெஸ் ஜூடிகேட்டா’ என்று எழுதினால், இதே விவகாரம் இதே தரப்புகளுக்கிடையே ஏற்கெனவே தீர்ந்துவிட்டது, மறுபடி கிளப்ப முடியாது என்பது நீதிபதிக்கு ஒரு நொடியில் புரியும். ‘இன்டர் ஏலியா’ எழுதும் இடத்தில் ‘மற்றவற்றோடு’ என்று எழுதினால் எதுவும் குறையாது. ஒப்பந்தத்தில் ‘முட்டாட்டிஸ் முட்டாண்டிஸ்’ போடுவதை நான் தவிர்க்கச் சொல்வேன். ‘தேவையான மாற்றங்களோடு பொருந்தும்’ என்கிறது அது. எந்த மாற்றங்கள் தேவை என்பதில்தான் பிறகு வழக்கே வரும்.

உச்சரிப்பு தவறினால் சிரிப்பார்களா?

சரியான உச்சரிப்பு என்று ஒன்று இருந்தால்தானே தவறுவதற்கு. சிசரோ காலத்து உச்சரிப்பு ஒன்று, திருச்சபை உச்சரிப்பு இன்னொன்று, ஆங்கில வக்கீல்களின் உச்சரிப்பு மூன்றாவது. நம் கோர்ட்டுகளில் கேட்பது மூன்றாவதன் உள்ளூர்ப் பதிப்பு. அந்தக் கோர்ட்டில் சீனியர்கள் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே சொல்லிவிட்டுப் போங்கள்.